உலகம் எதிர் ஷ்வேப்யிதா

இருநூறு பேர் வந்த ஆட்டத்துக்கு இரண்டாயிரம் பேர் வந்தார்கள் என்று எழுதும் மனிதரோடு நான் இருபது வருடத்துக்கு மேல் வேலை செய்துவிட்டேன். பொய் சொல்கிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. கடைக்கு வரும் ஆள் "நாளைக்கு வர்றேன்" என்று சொல்லிவிட்டு வராமல் போனால்கூட ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேச மாட்டேன். அப்படிப்பட்ட நான் இவரை மட்டும் எப்படிப் பொறுத்துக்கொண்டேன் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். அவர் இரண்டாயிரம் என்று எழுதினால் அடுத்த வாரம் உண்மையாகவே நானூறு பேர் வருவார்கள். அந்த நானூறை அவர் ஐயாயிரம் ஆக்குவார். இப்படியே துரத்திக்கொண்டு ஓடியதுதான் எங்கள் பிழைப்பு.

யாங்கோனின் மிங்கலா தாங்ஞுன்ட் பகுதியில் ரயில் பாதையை ஒட்டி எனக்கு ஒரு சின்ன அச்சுக்கடை. போஸ்டர், பேனர், பனியன் முதுகில் நம்பர் ஒட்டுவது, அவ்வளவுதான். அவர் முதலில் போஸ்டர் அடிக்க வந்த ஆள். பிறகு ஒரு நாள் மைக் பிடிக்க வேண்டியவன் வராமல் போக, "உனக்குத்தான் நல்ல குரல் இருக்கே தங்கச்சி, தினம் தெரு முழுக்கக் கேக்குதே" என்று என்னைப் பிடித்து மேடையில் நிறுத்திவிட்டார். நான் தெருவில் சண்டை போடுவதைத்தான் அப்படிச் சொன்னார். அன்றிலிருந்து அவருடைய ஆட்டங்களுக்கு அறிவிப்பாளர் நான்.

அவர் யூதர். யாங்கோனிலேயே பிறந்து வளர்ந்தவர். அவருடைய கொள்ளுத்தாத்தா பாக்தாதிலிருந்து கல்கத்தா வழியாக வியாபாரத்துக்கு வந்தாராம். ஒரு காலத்தில் தெருத்தெருவாக இருந்த அந்த ஜனம், போருக்குப் பிறகு கப்பல் ஏறியும் விமானம் ஏறியும் போய்ச் சேர்ந்தது. இவர் குடும்பம் மட்டும் ஏனோ போகவில்லை. வீட்டில் பர்மியம் பேசுவார். அக்கம்பக்கத்துக் கடைக்காரர்களிடம் கற்ற தமிழை என்னிடம் பேசுவார். எல்லோரும் அவரை சயா என்றே கூப்பிடுவோம். வாத்தியாருக்கும் எழுதுகிறவருக்கும் பர்மியத்தில் அதுதான் மரியாதை. தொழில் என்ன என்று யாராவது கேட்டால் "விளையாட்டு விளம்பரம்" என்பார். பத்திரிகைகளுக்கு ஆட்டச் செய்தி எழுதுவார், அணி சேர்ப்பார், மைதானம் பிடிப்பார், வீரர்களைப் பற்றிக் கதை கட்டுவார். எல்லாம் கூடைப்பந்துக்காக.

இந்த ஊரில் கால்பந்துதான் ராஜா. தெருமுனைக்குத் தெருமுனை பிரம்புப் பந்து உதைப்பார்கள். கூடைப்பந்து என்றால் லத்தா பக்கம் சீனர் சங்கங்களின் பின்கட்டில் பையன்கள் ஆடுவது, அதோடு சரி. இவருக்கோ அதன் மேல் தீராத பித்து. இத்தனைக்கும் உயரம் ஐந்தடி மூன்றங்குலம். பள்ளிக்கூட அணியில் நான்கு வருடம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாராம். "ஒக்காந்து பாத்தவனுக்குத்தான் ஆட்டம் முழுசாத் தெரியும்" என்று அதற்கும் ஒரு விளம்பரம் வைத்திருந்தார்.

எங்கள் முதல் சண்டை ஒரு வெள்ளிக்கிழமை. மாலை நாலரைக்குப் போஸ்டர் வாங்க வந்தார். மை காயவில்லை. நாளைக்கு வாருங்கள் என்றேன்.

"நாளைக்கு வர மாட்டேன். இப்பவே குடு."

"மை காயாம எப்புடி சயா குடுக்குறது? நாளைக்கு என்ன, கல்யாணமா?"

"இன்னைக்குச் சூரியன் எறங்குனா நாளைக்குச் சூரியன் எறங்குற வரைக்கும் நான் வேலை செய்யக் கூடாது. போஸ்டரத் தொடவும் மாட்டேன், பேசவும் மாட்டேன்."

"சனிக்கெழமதானே ஊரே ஆட்டம் பாக்குது?"

"அதான் தங்கச்சி என் தலையெழுத்து" என்று சிரித்துக்கொண்டே ஈரப் போஸ்டர்களைக் கையில் ஏந்திக்கொண்டு போனார். வெள்ளைச் சட்டை முழுக்க நீலம். எனக்குப் பாவமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது. அதற்குப் பிறகு அவருடைய வேலையை வியாழக்கிழமையே முடித்து வைக்கப் பழகினேன்.

அந்தச் சனிக்கிழமைக் கட்டுப்பாடுதான் அவருடைய தொழிலையே திருப்பிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைக்குக் கூட்டம் எங்கே கிடைக்கும் என்று தேடித் திரிந்தவர் ஷ்வேப்யிதாவுக்குப் போனார். வடக்கே, தொழிற்பேட்டை. ஆறு நாளும் தையல் மிஷினில் குனிந்து கிடக்கும் பெண்களுக்கு ஞாயிறு ஒரு நாள்தான் விடுமுறை. அவர்கள் சந்தையில் கும்பல் கும்பலாக ஒன்றும் வாங்காமல் சுற்றுவதைப் பார்த்துவிட்டு, "இதோ என் டீமு, இதோ என் கூட்டம், ரெண்டும் ஒண்ணா நடந்து போவுது" என்றாராம். காலர் தைக்கும் வரிசைக்கு ஓர் அணி, பொத்தான் வரிசைக்கு ஓர் அணி. ஒரு தொழிற்சாலையின் பின்னால் இரண்டு இரும்புக் கம்பத்தை நட்டு வளையம் மாட்டினார். முதல் ஆட்டத்தில் பந்தைக் கண்டு பயந்து குனிந்த பெண், மூன்றாம் வருடம் பாதி மைதானத்திலிருந்து எறிந்து கூடைக்குள் போட்டாள். அவளைப் பற்றி இவர் எழுதியதைப் படித்தால் அவள் எட்டடி உயரம் என்று நினைப்பீர்கள். எனக்கே அவளை நேரில் பார்த்ததும் ஏமாற்றமாக இருந்தது.

அவருடைய கணக்குக்கு ஒரே ஒருவர் மட்டும் மசியவில்லை. அவருடைய அம்மா. எல்லா ஆட்டத்துக்கும் வந்து முன்வரிசையில் குடை பிடித்து உட்காருவார். வயதாகி வர முடியாமல் போன பிறகு, ஆட்டம் முடிந்த கையோடு போன் பண்ணுவார். இவர் மைதானத்தில் நின்று, என் காதுபட, "ஆமாம்மா, நூத்தி அறுபது. இல்லம்மா, நெசமாத்தான்" என்பார். பர்மியத்தில்தான் பேசுவார்கள், ஆனாலும் நூற்றி அறுபது எந்த மொழியிலும் நூற்றி அறுபதுதானே. போனை வைத்ததும் பத்திரிகைக்குக் கூப்பிட்டு ஆயிரத்து அறுநூறு என்பார். ஊருக்கு ஒரு கணக்கு, அம்மாவுக்கு ஒரு கணக்கு. இதை நான் கேலி செய்தால், "ஒரு ஆளுகிட்டயாவது உண்மையச் சொல்லி வச்சாத்தான் எங்க நிக்கிறோம்னு தெரியும்" என்பார்.

கொரோனாவில் அந்த அம்மா போய்விட்டார். ஊரே கதவடைத்துக் கிடந்த மாதம். யாரும் வரக்கூடாது என்று உத்தரவு. அடக்கத்தை இவரும் இன்னும் இரண்டு பேரும் செய்தார்கள். நான் போனில் அழுதேன், அவர் அழவில்லை. அதற்குப் பிறகு மூன்று வருடம் அவர் எழுதிய செய்திகளில் உப்பே இல்லை. இருநூறு பேர் வந்தால் முந்நூறு என்று எழுதினார். அந்த மனிதரை அப்படிப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

அதன்பின் ஒரு மழைக்காலம் முடிகிற சமயம், கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். போஸ்டர் பற்றிப் பேசவில்லை. டீ வரவழைத்தேன், குடிக்கவில்லை.

"தங்கச்சி, எங்கள்ல பெத்தவங்களுக்கு ஒரு பிரார்த்தன சொல்லணும். உங்க திதி மாதிரி, வருஷா வருஷம் அவங்க போன நாளு வரும்போது சொல்லணும். அத நான் அம்மாவுக்கு ஒரு தடவகூடச் சொல்லல."

"ஏன், சொல்லத் தெரியாதா?"

"சின்னப் புள்ளயிலேர்ந்து தெரியும். தனியாச் சொல்லக் கூடாது. பத்து ஆம்பளைங்க இருக்கணும். யூத ஆம்பளைங்க. இந்த ஊர்ல இப்ப அந்த வேலைக்கு வர்ற நெலமையில மூணு பேரு. என்னயும் சேத்து."

முன்பெல்லாம் சுற்றுலாக்காரர்கள் வந்து போகும்போது எப்படியோ பத்து சேர்ந்துவிடுமாம். கொரோனாவும் அதன் பிறகு வந்த குழப்பங்களும் வெளிநாட்டு ஆட்களைத் துடைத்துவிட்டன. அம்மா உயிரோடு இருந்தபோது இவரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டிருந்தார்: எனக்கு அதைச் சரியாகச் சொல்லிவிடு. இவரும் சரி என்று கையில் அடித்துக் கொடுத்திருந்தார்.

"அந்தப் பிரார்த்தனையில சாவப் பத்தி ஒரு வார்த்தகூடக் கெடயாது, தெரியுமா?" என்றார். "மொதல்லேர்ந்து கடைசி வரைக்கும் கடவுள் பெரியவரு, கடவுள் பெரியவருன்னுதான். முழுக்க பப்ளிசிட்டி." அந்த இடத்தில் குரல் உடைந்துவிட்டது. நான் ரயில் பாதைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அந்த வருடம் அந்த நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தது. அதைச் சொன்னதும் எனக்கு மூளையில் மணி அடித்தது. ஜெப ஆலயத்துக்கு வா என்றால் எவனுக்கும் வேலை இருக்கும். ஆட்டத்துக்கு வா என்றால் ஷூவைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவான். மிச்சமிருக்கும் வெளிநாட்டுக்காரர்களை ஆட்டத்துக்குக் கூப்பிடுவோம். அதில் யூதர்களை மட்டும் ஆட்டம் முடிந்ததும் ஒரு மணி நேரம் கடன் கேட்போம் என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் மூன்று வருடத்துக்குப் பிறகு பழைய சயா எட்டிப் பார்த்தார். என் மேசையிலிருந்து பேனாவை எடுத்து, டீக்கடை ரசீதின் பின்பக்கத்தில் பெரிதாக எழுதினார்: உலகம் எதிர் ஷ்வேப்யிதா.

போஸ்டரை நான் சிவப்பிலும் மஞ்சளிலும் அடித்தேன். ஒரு பக்கம் பூமி உருண்டை, மறுபக்கம் தையல் மிஷின். ஊரில் அதைப் பார்க்காத கண் இல்லை என்று அவர் எழுதினார். இந்த முறை அது கிட்டத்தட்ட உண்மை.

ஊருக்காக ஆயிரம் பேரைக் கூவி அழைக்கிற மனிதர் தனக்காக ஒருவரைக் கேட்கக் கூச்சப்பட்டார். நீயே விசாரி என்று என்னிடம் தள்ளிவிட்டார். பதிவு செய்ய வந்த வெளிநாட்டுக்காரர்கள் என் கடை முன்னால் வரிசையில் நின்றார்கள். பள்ளிக்கூட ஆசிரியர்கள், நிவாரண வேலைக்கு வந்த ஒரு டாக்டர், முதுகில் மூட்டை சுமந்த இரண்டு மூன்று பயணிகள், இப்படி. உன் மதம் என்ன என்று மூஞ்சிக்கு நேராகக் கேட்பது நன்றாகவா இருக்கும்? என்னிடம்தான் படிவம் இருந்ததே. இந்த நாட்டில் எந்தப் படிவமானாலும் உங்கள் பெயருக்கு அடுத்த வரி அப்பா பெயர். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, மின்சார மீட்டர், எல்லாவற்றுக்கும். என்னை இரண்டு வயதில் விட்டுப்போன மனிதருடைய பெயரை நான் ஆயுசு முழுக்க எழுதி வந்திருக்கிறேன். நம் ஆட்களுக்கும் குலம் கோத்திரம் எல்லாம் அப்பா வழிதானே. அதனால் அப்பா பெயரை எழுதச் சொல்லி, அதையே சாக்காக வைத்து, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் "உங்க அப்பா யூதரா?" என்று கேட்டேன். ரொம்ப சாமர்த்தியமாக வேலை செய்வதாக எனக்கு ஒரே பெருமை.

ஆம் என்றவர்கள் ஏழு பேர். விஷயத்தைச் சொன்னேன். ஒருவர்கூட மறுக்கவில்லை. அதில் ஒரு பள்ளிக்கூட ஆசிரியர், ஆறடிக்கு மேல் உயரம், கண் கலங்கிப்போய் "கட்டாயம் வருவேன்" என்றார். இல்லை என்றவர்களைப் பக்கத்தைப் புரட்டி அனுப்பிவிட்டேன். கடைசியாக வந்தவர் ஷ்வேப்யிதாவில் துணி வாங்கும் ஒரு வெளிநாட்டுக் கம்பெனியின் ஆள். தைத்த சட்டைகளில் குறை பார்ப்பதுதான் அவருடைய வேலை. ஞாயிறு தவறாமல் பெண்களோடு ஆட்டத்துக்கு வந்து, சூரியகாந்தி விதை கொறித்தபடி ஓரமாக உட்கார்ந்திருப்பார். "அப்பா கிரேக்கர், ஆனால்..." என்று ஆரம்பித்தார். அதற்குள் எனக்குப் பசி நேரம். "சரி, டீம் ரொம்பிப்போச்சு" என்று நோட்டை மூடிவிட்டேன்.

ஏழும் மூன்றும் பத்து. சயாவிடம் சொன்னபோது என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

ஆட்டம் எங்கள் பகுதிப் பள்ளிக்கூட மைதானத்தில், பிற்பகல் இரண்டரைக்கு. மின்சாரம் இல்லை, வழக்கம்போல. ஜெனரேட்டரின் உறுமலுக்கு மேல் நான் கத்தினேன். மதில் மேல், மரத்தின் மேல், பக்கத்து வீட்டு மாடியில் எல்லாம் ஜனம். உலகத்தின் சார்பாக ஆடியவர்கள் பாதிப் பேருக்கு நரை, மீதிப் பேருக்குத் தொப்பை. கன்னத்தில் தனக்கா என்னும் மரப்பட்டைச் சந்தனம் பூசிக்கொண்டு வந்த எங்கள் பெண்கள் அவர்களுடைய கால்களுக்கு இடையில் புகுந்து ஓடினார்கள். உயரமான ஆசிரியர் ஒருவர்தான் ஈடு கொடுத்தார். அவர் போட்ட புள்ளிகளுக்குக்கூட எங்கள் கூட்டம் கைதட்டியது. கடைசி நிமிடத்தில் காலர் வரிசைப் பெண் எறிந்த பந்து வளையத்தை இரண்டு முறை சுற்றிவிட்டு உள்ளே விழுந்தது. உலகம் மூன்று புள்ளியில் தோற்றது. "ஷ்வேப்யிதா ஜெயிச்சிருச்சு" என்று பர்மியத்திலும் தமிழிலும் மாற்றி மாற்றிச் சொன்னதில் என் தொண்டை கட்டிப்போனது.

கூட்டம் கலைந்த பிறகு சயா அந்த ஏழு பேரையும் வாசல் பக்கம் வரச் சொன்னார். மற்ற இரண்டு உள்ளூர்க்காரர்களும் வந்துவிட்டார்கள். மணி நாலு. ஐந்தரைக்குச் சூரியன் இறங்கிவிடும். இறங்கினால் அந்த நாள் முடிந்தது. அவர் ஆட்களை ஒன்று இரண்டு என்று எண்ணவில்லை. அவர்களிடையே மனிதரை எண்ணக் கூடாதாம். பத்து வார்த்தை கொண்ட ஒரு வசனத்தை ஆளுக்கு ஒரு வார்த்தையாகச் சொல்லிக்கொண்டு வந்தார். எனக்கு அது விநோதமாகப் படவில்லை. என் அம்மா அரிசிக் கடையில் படி அளந்த கை. முதல் படிக்கு ஒன்று என்று சொல்ல மாட்டாள். லாபம், ரெண்டு, மூணு என்றுதான் எண்ணுவாள்.

வார்த்தை சொல்லிக்கொண்டே ஒவ்வொருவரிடமும் ஊரும் வீடும் விசாரித்தார். ஆசிரியரிடம் வந்தபோது, "அம்மாவுக்கு எந்த ஊர்?" என்று கேட்டார். ஆசிரியர் சிரித்த முகத்தோடு ஏதோ சொன்னார். சயாவின் விரல் அந்தரத்தில் நின்றது.

என்னைத் தனியே அழைத்தார். "தங்கச்சி, இவருக்கு அப்பா மட்டுந்தான் யூதரு. அம்மா இல்ல."

"அப்பா இருந்தாப் போதாதா?"

"எங்களுக்கு அம்மா வழி. அம்மா யூதரா இருந்தாத்தான் புள்ள யூதரு. நீ எல்லாருகிட்டயும் என்ன கேட்ட?"

அப்பாவைப் பற்றி மட்டும் கேட்டதைச் சொன்னேன். மற்ற ஆறு பேருக்கும் அம்மாவும் யூதர்தான் என்று அவர் விசாரித்து முடித்தபோது, வசனத்தின் கடைசி வார்த்தைக்கு ஆள் இல்லை.

அந்த ஆசிரியர் தங்கமான மனிதர். "சின்ன வயதிலிருந்து இதைக் கேட்டு வளர்ந்தவன்தான், பரவாயில்லை" என்றார். அந்த ஏழு பேரில் இருந்த டாக்டர் ஆசிரியரின் தோளைத் தட்டி, எங்கள் ஊர்ப் பக்கம் சில ஆலயங்களில் இவரையும் சேர்த்துக்கொள்வார்கள், நீங்களும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றார். நானும் விடவில்லை.

"சயா, ஒரே ஒரு ஆளு. இருநூற ரெண்டாயிரம் ஆக்குற ஆளு நீங்க. ஒம்பதப் பத்தாக்க முடியாதா? யாரு வந்து பாக்கப்போறா?"

"அம்மா கேப்பா" என்றார்.

ஒன்பது பேராகப் போய்ச் சும்மா உட்கார்ந்துவிட்டு வருகிறேன், அந்தப் பிரார்த்தனையை மட்டும் விட்டுவிடுகிறேன் என்று செருப்பை மாட்டிக்கொள்ளக் குனிந்தார். நான் செய்த கோளாறு. எடுத்த எடுப்பில் சரியாக ஒரு கேள்வி கேட்டிருந்தால் இன்னொரு ஆளைத் தேடியிருப்போம். அவமானத்தில் எனக்கு அழுகை முட்டியது. அப்போதுதான் அந்தச் சூரியகாந்தி விதை மனிதர் ஞாபகத்துக்கு வந்தார். அப்பா கிரேக்கர், ஆனால். அந்த 'ஆனால்' என்னவென்று நான் கேட்கவே இல்லையே.

அவர் பெண்களோடு ஃபெரியில் ஏறிப் போய்விட்டார். ஃபெரி என்றால் தொழிற்சாலைப் பஸ்தான். கிளம்பிப் பத்து நிமிடம். அணித்தலைவிக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. ஜெயித்த பஸ்ஸில் பாட்டுச் சத்தத்தில் எவளுக்குப் போன் கேட்கும்? ஆனால் ரயில் பாதை ஓரத்தில் வாழ்கிற எனக்கு ஒன்று தெரியும். ஞாயிறு நாலேகாலுக்கு மேல் எங்கள் லெவல் கிராசிங் கேட்டைச் சாத்தினால் லேசில் திறக்க மாட்டார்கள். சயாவிடம் "ஆலயத்துக்குப் போங்க, நான் வர்றேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஓடினேன். ஐம்பது வயதுக்கு மேல் நான் ஓடியது அன்று ஒரு நாள்தான். கைலியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, காய்கறிக் கூடைகளைத் தாண்டி, வழியில் இரண்டு பேரிடம் திட்டு வாங்கி, ஒருவனைத் திருப்பியும் திட்டி, கேட்டுக்கு முன்னால் மூன்றாவதாக நின்ற பஸ்ஸின் கதவில் அறைந்தேன்.

அவர் கடைசி சீட்டில் இருந்தார். எனக்கு மூச்சு வாங்கியது. பர்மியத்தில்தான் கேட்டேன்: "உங்க அம்மா?"

அவர் கொறித்த விதையை விழுங்கினார். "அம்மா யூதர். அன்றைக்கே அதைத்தான் சொல்ல வந்தேன். நீங்கள் நோட்டை மூடிவிட்டீர்கள்" என்றார் உடைந்த பர்மியத்தில். பிறகு கூச்சத்தோடு, "ஆனால் எனக்கு ஒரு வரி பிரார்த்தனைகூடத் தெரியாது. அம்மா சொல்லிக் கொடுக்கவில்லை. பரவாயில்லையா?" என்றார்.

"எனக்குத் தெரியாது. எறங்குங்க" என்றேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. அதைப் பிறகுதான் கேட்டேன்.

அவர் இறங்கவில்லை. பஸ் திரும்பியது. விஷயத்தைக் கேட்ட அணித்தலைவி டிரைவரின் தோளைப் பிடித்து உலுக்கி, அந்தச் சந்தில் அவ்வளவு பெரிய வண்டியைத் திருப்ப வைத்தாள். சயாவின் அம்மா குடை பிடித்து முன்வரிசையில் உட்கார்ந்ததைப் பார்த்தவர்கள் அதில் பாதிப் பேர். "அந்த அமேதான் நான் மொதக் கூடை போட்டப்ப எழுந்து நின்னு கைதட்டுனாங்க" என்று ஒருத்தி சொல்லிக்கொண்டே வந்தாள். வயதான அம்மாக்களை எங்கள் ஊரில் அப்படித்தான் அழைப்போம். நகரத்துக்குள் போகும் வழி முழுக்க நான் மேற்கே பார்த்தபடி நின்றேன்.

ஐந்துக்குப் போய்ச் சேர்ந்தோம். ஆலயத்தில் ஆண்கள் கீழே, பெண்கள் மாடியில். எத்தனை வருடமாக அந்த மாடி காலியாகக் கிடந்ததோ, அன்று பனியன் போட்ட இருபது தையல்காரப் பெண்களும் நானும் அங்கே நெருக்கியடித்து உட்கார்ந்தோம். கரண்ட் இல்லாததால் விசிறி ஓடவில்லை. உயரமான ஜன்னல்கள் வழியாக வெயில் சாய்ந்து தரையில் கிடந்தது. சயா அந்த மனிதரிடம் அவருடைய அம்மா பெயரை மட்டும் கேட்டார். அவர் சொன்னார். சயா அதைத் தன் வாயால் ஒரு முறை சொல்லிப் பார்த்துத் தலையசைத்தார். பிறகு பழையபடி வசனத்தை முதலிலிருந்து ஆரம்பித்தார். பத்தாவது வார்த்தையை அவருக்கு நேரே நின்று சொன்னார். ஆசிரியரும் போகவில்லை, பக்கத்து வரிசையில் தொப்பி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

என்ன சொன்னார்கள் என்று எனக்கு ஒன்றும் புரியவில்லை. நடுநடுவே எல்லோரும் சேர்ந்து சொன்ன ஆமென் மட்டும் புரிந்தது. ஒரு வரியும் தெரியாது என்ற மனிதர் அதை எல்லோரையும்விடச் சத்தமாகச் சொன்னார். கடைசியில் சயா தனியாக எழுந்து நின்றார். இருபது வருடம் அவருடைய குரலைக் கேட்டவள் நான். கூவி விற்கிற குரல் அது. அன்று அதே குரல்தான், ஆனால் அதில் ஒரு பொட்டுக்கூடக் கூட்டிச் சொன்னது இல்லை. எனக்கு என் அம்மா நினைவுக்கு வந்தாள். கட்டுப்படுத்திக்கொள்ளாமல் அழுதேன். பக்கத்திலிருந்த பெண் தன் பனியன் முனையால் என் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

மறுமாதமே எங்கள் பதிவுப் படிவத்தை நான் மாற்றி அடித்தேன். பெயருக்கு அடுத்த வரி இப்போது அம்மா பெயர். அப்பா பெயர் அதற்குக் கீழே, விருப்பம் இருந்தால். முதல் படிவத்தை அறிவிப்பாளர் என்ற இடத்தில் நானே நிரப்பினேன். என் அம்மாவின் பெயரைப் படிவத்தில் எழுதுவது அதுதான் முதல் தடவை. எழுத்து கோணலாகப் போனது, திருத்தவில்லை. ஞாயிறு ஆட்டம் இன்னமும் நடக்கிறது. எந்த வெளிநாட்டுக்காரர் புதிதாக ஊருக்கு வந்தாலும் நான் நிதானமாக, அவர் பேசி முடிக்கும் வரை, கேட்டுக்கொள்கிறேன்.

அன்று மாலை ஆலயத்தை விட்டு வெளியே வந்தபோது வெளிச்சம் இன்னும் மிச்சமிருந்தது. பெண்கள் பஸ்ஸில் ஏறிக்கொண்டிருந்தார்கள். சயா படியில் நின்று போனை எடுத்தார். பத்திரிகைக்குச் செய்தி கொடுக்கும் நேரம். அவர் முகம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. வாயைச் சும்மா வைத்துக்கொள்ள முடியாமல் கேட்டேன்.

"எத்தன பேருன்னு சொல்லப்போறீங்க சயா?"

"ஆட்டத்துக்கு அஞ்சாயிரம்" என்றார், பழைய மிடுக்கோடு. பிறகு உள்ளே ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, மெதுவாகச் சொன்னார்.

"இங்க பத்து. நெசமாத்தாம்மா."